முப்பத்தொன்பது நாள் ஓடிய பாட்டு

போத்தனூர் சர்ச் வளாகத்தில் அறுப்பின் பண்டிகையன்று மதியம் மூன்று மணிக்குத் தொடங்கிய ஒரு பாட்டு முப்பத்தொன்பது நாள் நிற்காமல் ஓடியது. ஏன் என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். காரணம் கண்டுபிடிக்க மூன்று எலக்ட்ரீஷியன்கள் வந்தார்கள், ஒரு போதகர் வந்தார், போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் வந்தார். ஐந்து பேரும் டீ குடித்துவிட்டுப் போனார்கள். காரணம் யாருக்கும் தெரியாது. நடந்தது தெரியும்.

பாடியவர் தியோபிலஸ். ஊருக்குத் தியோ. வயது எழுபத்து நாலு. ரயில்வே சிக்னல் ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். டேங்க் லைன் வீதியில் ஓட்டு வீடு, ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த பியூலா மனைவி, மார்புக்கு மேல் கையைத் தூக்க விடாத இடது தோள். நல்ல நாளிலேயே நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார்.

ஆனால் இருபத்தொரு வயதில், அதே ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த நாலு பேரில் ஒருவராக, தோளைத் தொடும் முடியும் தெருவைக் கூட்டும் பெல்பாட்டமுமாக, ‘லெவல் கிராஸிங்’ என்று பேர் வைத்துக்கொண்ட ராக் கோஷ்டியின் முன்னால் கித்தாரோடு நின்று, ரயில்வே இன்ஸ்டிட்யூட் மேடையிலும் ஊட்டி கிளப்புகளிலும் கல்லூரி விழாக்களிலும், இங்கிலீஷில் பாடு இங்கிலீஷில் பாடு என்று கத்திய கூட்டத்தின் முகத்துக்கு நேரே தமிழில் பாடி, செருப்பு வந்தால் செருப்பையும் கைதட்டல் வந்தால் கைதட்டலையும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்டு, ‘தண்டவாளம் வளையும், நாங்க சொன்னா வளையும்’ என்று தொண்டை கிழிய அவர் கத்தினபோது, கேட்டவர்களில் பாதிப் பேர் அதை நம்பினார்கள். தியோ முழுசாக நம்பினார்.

டிரம்ஸ் அடித்தவர் ஹைதர். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போத்தனூரில் காதை நம்பிக் கச்சேரி செய்ய முடியாது. இன்ஸ்டிட்யூட் மேடைக்கு முப்பதடி தள்ளித் தண்டவாளம். பாட்டு முடிகிற நேரம் பார்த்துத்தான் சரக்கு வண்டி வரும். ஐம்பது வேகன் கடக்கிறவரை யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் கேட்காது. அதனால் அந்தக் கோஷ்டி கண்ணால் முடிக்கிற வழக்கம் வைத்திருந்தது. முடிக்கலாம் என்று தோன்றினால் ஹைதர் இரண்டு குச்சியையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். தியோ, பாடும்போது மூடியிருக்கும் கண்ணைத் திறந்து அதைப் பார்த்து, கித்தாரின் கழுத்தை வானத்தைப் பார்க்கத் தூக்குவார். தூக்கினால்தான் ஹைதர் கடைசி அடி அடிப்பார். தூக்காமல் அடிக்கிறதில்லை. அந்த அடி விழாத பாட்டை முடிந்த பாட்டாக அவர்கள் நினைப்பதில்லை.

எழுபத்தேழாம் வருஷம் இன்ஸ்டிட்யூட்டில் அவர்களுடைய கடைசிக் கச்சேரியில் அந்தத் தண்டவாளப் பாட்டு முப்பத்தெட்டு நிமிஷம் ஓடியது. ஹைதர் குச்சியை வைத்துவிட்டு எழுந்து போனார். செக்ரட்டரி வந்து கரண்டைப் பிடுங்கினார். அத்தோடு கோஷ்டி போச்சு. ‘ஓடிட்டான்’ என்று அன்றைக்குத் தியோ ஒரு வார்த்தை சொன்னார். நாற்பத்தேழு வருஷமாக ஹைதரைப் பற்றி வேறு வார்த்தை சொன்னதில்லை. ஹைதர் நாலு கிலோமீட்டர் தள்ளிக் கரும்புக்கடையில் மெத்தைக் கடை வைத்தார். தியோ ஃபைல் தைத்தார். தண்டவாளம் கிடந்த மாதிரியே கிடந்தது.

இந்த வருஷம் மழைக்காலத்தில் தியோ கட்டிலடியிலிருந்து கித்தாரை எடுத்தார். துடைத்தார். ஒரு வாரம் முணுமுணுத்தார். புதுப் பாட்டு ஒன்று வந்திருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் பாட்டு. கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு. வளையும்னு பாடினேன், தண்டவாளம் அப்படியே கிடக்குது, என் முதுகுதான் வளைஞ்சுது என்று பல்லவி. கொடி பிடித்தவன் கடை வைத்ததும், உலகத்தைப் புரட்டுகிறேன் என்றவன் தோசை புரட்டுவதும் முதல் சரணம். தோள் ஏறாததும், பாதிப் பல் போனதும், ஏழு கிழமைக்கும் ஏழு அறை வைத்த மாத்திரை டப்பாவும் இரண்டாவது சரணம். மூன்றாவது சரணத்தை மட்டும் பண்டிகைக்கு முந்தின நாள் எழுதினார்: அடிக்க வேண்டியவன் எந்திரிச்சுப் போனான், மூடாத பாட்டுக்குள்ள நாப்பத்தேழு வருசமா மழை பெய்யுது.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த விளைச்சலை விடுகிற ஏலம்தான் முக்கியம். பூசணிக்காய் ஏலம் முடிந்து சேவல் ஏலம் தொடங்குகிற இடைவெளியில் அவருக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள்.

“அஞ்சே நிமிசம் தியோண்ணா. சேவல் கத்துது,” என்றார் ஏலக்காரர்.

“ஆறு,” என்றார் தியோ.

ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் வயரைச் செருகினார். கண்ணை மூடினார். அவருக்கு அது எப்போதும் பழக்கம். கண் திறந்திருந்தால் பாட்டு வராது. மூன்று சரணமும் பாடினார். கடைசியில் தந்தியை மீட்டிக்கொண்டே அந்த அடிக்காகக் காத்திருந்தார், பழக்க தோஷம். விழவில்லை. சரி என்று கையை எடுத்தார்.

பாட்டு நிற்கவில்லை.

அவர் கையும் வாயும் சும்மா இருக்க, பெட்டிக்குள்ளிருந்து அவர் கித்தாரும் அவர் குரலும் திரும்பப் பல்லவியைப் பிடித்தன. கூட்டம் அதைக் கொஞ்ச நேரம் ரசித்தது.

“பிளக்கைப் புடுங்குங்க!”

“புடுங்கியாச்சுங்க. இதா கையில இருக்குது.”

கித்தார் வயரையும் பிடுங்கினார்கள். பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்கள். பூசணி மூட்டைச் சாக்கை அதன்மேல் போட்டார்கள். சாக்குக்குள்ளே தியோவின் குரல் தோள் ஏறலை என்று பாடிக்கொண்டிருந்தது. ஏலக்காரருக்குப் பொறுமையில்லை, அந்தச் சரணத்திலேயே சேவலை ஏலம் விட்டார்; இரண்டாவது சுற்று பல்லவியில் வாழைத்தார் போயிற்று. சாயங்காலம் ஒரு தள்ளுவண்டியில் பெட்டியை ஏற்றி, முன்னால் வாழைத்தாரும் பின்னால் பியூலாவுமாக, பாடப் பாட வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

முதல் இரண்டு நாள் டேங்க் லைன் வீதி காதைப் பொத்திக்கொண்டு நடந்தது. மூன்றாம் நாள் மனு எழுதியது. நாலாம் நாள் மனுவைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் கிளம்பியபோது, முக்கில் இட்லிக் கடை போட்டிருக்கும் பாப்பாத்தியக்கா அவரை நிறுத்தி, “கொஞ்சம் இருங்க, ரெண்டு சுத்து பாடறதுக்குள்ள இட்லி வெந்துருது, நானும் மூணு நாளாப் பாக்கறேன், ஒரு ஈடு கூடக் கொழையல, வேகாம எறங்கல,” என்றாள். ஒரு சுற்று ஆறு நிமிஷம். ஒரு சுற்றுக்கு முட்டை வேகும் என்று அடுத்த வீடு சொன்னது. ஒரு சரணத்துக்கு ஒரு சட்டை என்று இஸ்திரி வண்டி மாரப்பன் சொன்னான். மனுவின் பின்பக்கத்தில் கோலப் புள்ளி எழுதினார்கள்.

அப்புறம் அது அந்த வீதியின் தண்ணீர் மாதிரி, வெயில் மாதிரி ஆயிற்று. பல்லவியில் பால் காய்ச்சினார்கள், முதல் சரணத்தில் பள்ளிக்கூட வேனுக்கு ஓடினார்கள், இரண்டாவது சரணத்தில் வயசானவர்கள் மாத்திரை போட்டார்கள், ஏனென்றால் அதில் மாத்திரை டப்பா வந்தது, வெறும் கித்தார் வருகிற இடத்தில் தொட்டில் பிள்ளைகள் தூங்கின, கோழிகள் அடைக்கு உட்கார்ந்தன, கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த புருஷன் பெண்டாட்டிகள் அடுத்த பல்லவி வரட்டும் என்று பேச்சை ஆரம்பித்தார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது பெட்டி தானாக முனகலுக்கு இறங்கிற்று. சர்ச் மணி அடிக்கும்போதும், எதிர் வீட்டில் ஆஸ்துமாக்காரர் கண்ணசரும்போதும் அப்படியே. அது மரியாதை தெரிந்த பாட்டு என்று பேராயிற்று. வளைவில் திரும்புகிற பாசஞ்சர் வண்டி டிரைவர்கள் வேகத்தைக் குறைத்து, தண்டவாளம் என்கிற வார்த்தை வருகிற இடத்தில் ஒரு ஹாரன் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எல்லாம் சரி. தியோவுக்குப் பொறுக்காதது ஒன்று இருந்தது. பாட்டைக் கேட்டு ஒருத்தரும் அழவில்லை.

சாயங்காலம் ஆனால் ஊரிலுள்ள கிழடுகள் எல்லாம் ஸ்டூலும் பிளாஸ்டிக் நாற்காலியும் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தார்கள். ‘என் முதுகுதான் வளைஞ்சுது’ என்று பெட்டி பாடினதும் மொத்தமாகச் சிரித்தார்கள். ஒருத்தர் எழுந்து முதுகைக் காட்டினார். பல் வரி வந்ததும் பல்செட்டைக் கழற்றிக் காட்டுவதற்கு இரண்டு பேருக்குள் போட்டி.

“தோசை புரட்டறவன்னு என்னையத்தான சொன்னீங்க?” என்றார், ஒரு காலத்தில் கொடி பிடித்து இரண்டு மாதம் ஜெயிலில் இருந்து இப்போது ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர். நியாயமாக அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவர் ஒரு பார்சல் தோசை கொண்டுவந்திருந்தார்.

தியோ உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“அழுகறதுக்கு எழுதினேன். பல்லக் காட்டறானுக,” என்றார் பியூலாவிடம்.

“இருக்கற பல்லக் காட்டறாங்க,” என்றாள் பியூலா. “தோசை ஆறுது, வாங்க.”

ஆனால் அது மேலுக்குத்தான். உள்ளுக்குள் அவரைத் தின்றது மூன்றாவது சரணம். ஒரு தடவை பாடிவிட்டுக் கித்தாரைக் கட்டிலடியில் போட்டிருந்தால் அது ஒரு கிழவனின் ஒரு நாள் கோபம். இப்போது அது ஆறு நிமிஷத்துக்கு ஒரு தரம், ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது தரம், அடிக்க வேண்டியவன் எந்திரிச்சுப் போனான் என்று போத்தனூருக்கே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வரிக்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. யாருங்க அது, என்று கேட்டார்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொன்னார். கரும்புக்கடை மெத்தைக்காரரா, அட, அப்படிப்பட்ட ஆளா என்றார்கள். முப்பதாம் நாள் மாரப்பன் சும்மா இருக்காமல் சொன்னான்: “எங்க மச்சான் கல்யாணத்துக்கு மெத்தை எடுக்கப் போனோமுங்க. அந்தப் பாய் கடையில நம்ம பாட்ட யாரோ செல்போன்ல வெச்சுக் கேட்டுட்டிருந்தாங்க. பாய் பஞ்சு அடிக்கறத நிறுத்தல. ஆனா தாளம் தப்பிப்போச்சுங்.”

“அவனுக்குத் தப்பாது,” என்றார் தியோ.

“தப்புச்சுதுங்களே.”

அன்றைக்கு அவர் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். மூன்றாவது சரணம் வரும்போதெல்லாம் அதன்மேல் தலையணையை வைத்து அமுக்கினார். தலையணைக்குள்ளும் பாடியது. பியூலா வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஐந்தாறு சுற்று பார்த்தாள்.

“அத அமுக்கி என்ன பண்ணப் போறீங்க? அது பொய் சொல்லுதுன்னா நிறுத்தறதுக்கு வழி பாருங்க.”

“எது பொய்?”

“மூணாவது.”

தியோ தலையணையை எடுத்தார்.

“அன்னிக்கு நான் மொத வரிசையில உக்காந்திருந்தேன்,” என்றாள் பியூலா. “டிரெயினிங் நர்ஸுங்க ஏழு பேரு வந்திருந்தோம். நீங்க கண்ண மூடிட்டீங்க. அந்தண்ணன் ரெண்டு குச்சியையும் தூக்கிக் காட்டினாரு. நீங்க பாக்கல. கொஞ்ச நேரங்கழிச்சுத் தூக்கினாரு. பாக்கல. மூணாவது தடவ தூக்கினப்ப அவரு கை நடுங்குச்சு, எனக்குக் கீழ இருந்து தெரிஞ்சுது. முப்பத்தஞ்சு நிமிசம் மனுசன் அடிச்சாரு. உள்ளங்கை பிஞ்சு ரத்தம். அதுக்கு மேலதான் எந்திரிச்சாரு. நான்தான் வெளியில வெச்சுக் கட்டுப் போட்டுவிட்டேன்.”

ஒரு சுற்று முழுசாக ஓடி முடிந்தது.

“நாப்பத்தேழு வருசமா ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லியே.” கீரைக்காம்பைத் தூக்கிப் போட்டாள். “ஓடிட்டான்னீங்க. ஆரு எதுக்கு ஓடினாங்கன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? நீங்க வீட்டுலயும் கண்ண மூடிட்டுத்தான இருக்கீங்க.”

தியோ சட்டையை மாட்டிக்கொண்டு கரும்புக்கடைக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். மறுநாளும் அப்படியே. ஏழு நாள் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் வந்தார். எட்டாம் நாள் பஸ்ஸே அவர் முன்னால் நின்று, கண்டக்டர் இறங்கி, “ஏறுங்க தாத்தா, தெனமும் உங்களப் பாத்துப் பாத்து எனக்கே அலுத்துப்போச்சு,” என்றார்.

மெத்தைக் கடை முழுக்க இலவம் பஞ்சு பறந்தது. நடுவில் ஒரு ஆள் குத்த வைத்து உட்கார்ந்து இரண்டு மூங்கில் குச்சியால் பஞ்சு அடித்துக்கொண்டிருந்தார். தாடி, தலை, புருவம் எல்லாம் வெள்ளை. எது நரை, எது பஞ்சு என்று தெரியவில்லை. மணிக்கட்டு திரும்புகிற விதத்தைப் பார்த்து ஹைதர் என்று தியோ கண்டுகொண்டார்.

ஹைதர் நிமிரவில்லை. “என்ன அளவு? சிங்கிளா டபுளா?”

“நான்தான்.”

“தெரியும். வாசல்ல நிழல் விழுந்தப்பவே தெரியும். ஒரு பக்கத் தோள் எறங்கியிருக்கு. பாட்டுல வருதே.” குச்சி நிற்கவில்லை. “நல்லா இருக்குடா பாட்டு. மூணாவது சரணம் ரொம்ப நல்லா இருக்கு. ரெண்டு பஸ் மாறி வந்து எங்கிட்டச் சொல்லிட்டுப் போறாங்க.”

“ஹைதரு.”

“எங்க வீட்டம்மா கேட்டா, நீங்க பாதியில எந்திரிச்சு வர்ற ஆளா, அப்படின்னா எனக்குச் சொல்லிருங்கன்னு. கல்யாணமாகி நாப்பத்து மூணு வருசம்.”

“நான் கண்ண மூடிட்டு இருந்தேன்.”

குச்சி நின்றது.

பறந்துகொண்டிருந்த பஞ்சு மெதுவாக இறங்கி இரண்டு பேர் மேலும் உட்கார்ந்தது.

“இது உனக்கு எப்பத் தெரியும்?”

“போன வாரம்.”

ஹைதர் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை. “மூணு தடவடா. மூணு தடவ தூக்கிக் காட்டினேன். கழுத்தத் தூக்குவான், தூக்குவான்னு. நீ கண்ணத் தொறந்தியா?”

“இல்ல.”

“வேணும்னுட்டே பண்றான்னு நெனச்சேன். எல்லாரும் போகட்டும், இவன் மட்டும் பாடிட்டே நிக்கணும்னு நெனைக்கறான்னு நெனச்சேன்.” உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பழைய வடு. “உன் பொண்டாட்டி கட்டுப் போட்டுவிட்டுச்சு. அப்ப உன் பொண்டாட்டி இல்ல.”

“வந்து முடிச்சுக் குடு.”

“எதுக்கு? ஊரே அதுல இட்லி ஊத்துதாமே.”

“அது பொய் பாடுது. நான் நிறுத்தினா நிக்காது. நீ அடிச்சாத்தான் நிக்கும்.”

ஹைதர் ஒரு பிடி பஞ்சை எடுத்துப் பார்த்தார். அதற்குள் கொட்டை இருந்தது, பொறுக்கிப் போட்டார். “நீ கழுத்தத் தூக்காம நான் அடிக்க மாட்டேன்.”

“தூக்கறேன்.”

“கண்ண மூட மாட்டே?”

“மாட்டேன்.”

“ஞாயித்துக்கிழம கடை லீவு. நாலு மணிக்கு வரேன். சிம்பலும் கிடையாது, டிரம்மும் கிடையாது. வித்துத் தின்னாச்சு. ஏதாவது சட்டி பானை வை.”

ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொன்பதாம் நாள். செய்தி பரவி வீதி முழுக்கக் கூட்டம். பாதிப் பேர் நிறுத்தக் கூடாது என்று சொல்ல வந்தவர்கள். பாப்பாத்தியக்கா இட்லிக் கொப்பரை மூடியை இடுப்பில் வைத்துக்கொண்டு கொடுக்க மனசில்லாமல் நின்றாள்.

“இத அடிச்சீங்கன்னா நின்னுபோயிருமாங்?”

“நின்னுபோகும்,” என்றார் தியோ.

“அப்ப நாளைக்கு என் இட்லிய யாருங்க பாக்கறது?”

“கடிகாரம் பாரு.”

“கடிகாரத்துல என்னங்ண்ணா இருக்குது, ரெண்டு முள்ளு,” என்றவள் மூடியைக் கொடுத்தாள்.

ஹைதர் வேட்டியை மடித்துக் கட்டி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். முன்னால் கவிழ்த்த பால் கேன், மாரப்பனின் துணிக் கூடைமேல் ஒரு தகர டின், கயிற்றில் தொங்கும் கொப்பரை மூடி. பியூலாவைப் பார்த்துத் தலையசைத்தார். “சிஸ்டர், கட்டுத்துணி தயாரா வெச்சுக்குங்க.” குச்சியை எடுத்து, பெட்டி பாடுகிற பாட்டுக்கு, நடுவில் பஸ் ஏறுகிற மாதிரி ஏறிக்கொண்டார். முப்பத்தொன்பது நாளாக ஒற்றைக் காலில் நின்ற பாட்டு அப்போதுதான் இரண்டு காலையும் ஊன்றியது என்று ஊரார் சொன்னார்கள். உட்கார்ந்திருந்த கிழடுகள் எழுந்து நின்றார்கள்.

தியோ கித்தாரை மாட்டினார். கண்ணை மூடவில்லை. மூடாததால் கை தடுமாறியது, ஒரு தந்தி தப்பியது. வாழ்க்கையில் முதல் முறையாகப் பாடும்போது எதிரே இருப்பவர்களைப் பார்த்தார். தோசைக்காரர் உதட்டசைத்து எல்லா வரியும் பாடிக்கொண்டிருந்தார். மாரப்பன் சட்டை மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தபடி தாளம் போட்டான். எதிர் வீட்டு ஆஸ்துமாக்காரர் நாற்காலியில் நெஞ்சு நிறைய மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர்கள் தன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தங்களைப் பற்றிய பாட்டைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போது தெரிந்தது. இதே முகங்கள்தான் அந்தக் காலத்துக் கச்சேரியிலும் இருந்திருக்கும். பார்த்ததில்லை.

மூன்றாவது சரணம் வந்தது. பெட்டிக்குள்ளிருந்த தியோ, அடிக்க வேண்டியவன் என்று எடுத்தார். வெளியே இருந்த தியோ அதன் மேலேயே, அதைவிட உரக்க, உடைந்த குரலில் பாடினார்: அடிக்க வேண்டியவன் குச்சி தூக்கி நின்னான், பாக்க வேண்டியவன் பாக்கலையே. பெட்டி ஒரு தாளத்துக்கு வாயை மூடியது. முப்பத்தொன்பது நாளில் அதுதான் முதல் தடவை. அப்புறம், தப்பைத் திருத்திக்கொண்டு நோட்டைத் திரும்ப நீட்டுகிற மாணவன் மாதிரி, புது வரியையே இரண்டு தடவை பாடிக் காட்டியது.

ஹைதர் தாளம் தப்பவில்லை. ஆனால் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்புறம் நிமிர்ந்து இரண்டு குச்சியையும் தலைக்கு மேல் தூக்கினார்.

தியோ பார்த்தார். பார்த்துக் கித்தாரின் கழுத்தைத் தூக்கினார். இடது கை மார்பு வரைக்கும் வந்து நின்றது. பல்லைக் கடித்தார். ஏறவில்லை. ஹைதர் குச்சியை இறக்கி ஒரு சுற்று அடித்து மறுபடியும் தூக்கினார். தியோவின் முகம் வேர்த்து வழிந்தது. கழுத்து ஒரு விரற்கடை ஏறி இறங்கியது. அந்த நேரம் பார்த்து வடக்கே சரக்கு வண்டி ஊதியது. வளைவில் திரும்பி, ஐம்பது வேகனும் தடதடக்க உள்ளே வந்து, எல்லாச் சத்தத்தையும் விழுங்கியது. இனிக் காது இல்லை, கண் மட்டும்தான். ஹைதர் மூன்றாவது தடவையாகத் தூக்கினார். இறக்கவில்லை.

பியூலா படியிலிருந்து எழுந்து வந்தாள். புருஷனின் இடது முழங்கையின் கீழ், நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிறவளின் பழகின கையைக் கொடுத்தாள். தூக்கினாள். தோளுக்குள் ஏதோ சடக்கென்றது. கித்தாரின் கழுத்து நிமிர்ந்து, ஓட்டுக்கூரைக்கு மேலே, சிக்னல் கம்பத்துக்கு மேலே, வானத்தைப் பார்த்தது.

ஹைதர் அடித்தார்.

அடித்தது கேட்கவில்லை. வண்டி முழுசாகக் கடந்து, கடைசிப் பெட்டியின் சிவப்புத் துணி வளைவில் மறைந்த பிறகுதான், கொப்பரை மூடி இன்னும் ஆடிக்கொண்டிருப்பதையும் அந்த ரீங்காரம் அடங்குவதையும் எல்லாரும் கேட்டார்கள். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டி வெறும் பெட்டியாக இருந்தது.

அப்படியொரு அமைதி அந்த வீதிக்குப் பழக்கமில்லை. ஒரு தொட்டில் பிள்ளை எழுந்து அழுதது. ஹைதர் மூக்கை உறிஞ்சினார்.

“யாரோ சட்டையக் கருக்கறான்.”

மாரப்பன் அலறிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினான். காலரில் முக்கோணமாகக் கருப்பு. “சரணம் முடியும்போது எடுக்கறதுங்க! நீங்க பாட்டுக்கு நிறுத்திப்போட்டா நான் எப்படி எடுக்கறது?” இந்த முறை மொத்த வீதியும் சிரித்தது. தியோவும் சிரித்தார். தோள் வலித்தது; வலிக்க வலிக்கச் சிரித்தார்.

பாப்பாத்தியக்கா மூடியைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. “ஏனுங்கண்ணா, முடிஞ்சுது சரி. ஒருவாட்டி மொதல்ல இருந்து கடைசி வரைக்கும், முடிவோட பாடுனா நாங்களும் கேப்போமில்ல? முடிவு வண்டிச் சத்தத்துல போயிருச்சு.”

“தோள் வலிக்குது,” என்றார் தியோ.

“தூக்கறதுக்குத்தான் நான் இருக்கறேன்ல,” என்றாள் பியூலா.

தியோ ஹைதரைப் பார்த்தார். ஹைதர் உள்ளங்கையைப் பார்த்தார், வேட்டியில் துடைத்தார், ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஒரு தடவதான்,” என்றார் தியோ. கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு தந்தியைத் தேடினார். கை மறுபடியும் தடுமாறியது.

“டேய்,” என்றார் ஹைதர். “முழிச்சுட்டே பாடினா உனக்கு வராது. கண்ண மூடிக்க.”

“அப்புறம்?”

“முடிக்கறப்ப நான் கூப்புடறேன்.”

தியோ கண்ணை மூடிக்கொண்டார்.